ஓடிக் கடந்தான்



நான் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டுப் பீளமேட்டுக்கு வந்தவன். ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டும்போது இன்ஸ்ட்ரக்டர், "பேக் ஆஃப்!" என்றார். 'ஆஃப்' காதில் விழுந்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டேன். டூல் முனை உடைந்தது, எல்லோரும் சிரித்தார்கள். அன்று ராத்திரியே ஊருக்குப் போய்விடப் பெட்டி கட்டினேன்.

ஹாஸ்டல் சீனியர் ஒருவர் உட்கார வைத்துச் சொன்னார்: "'ரோட்டை ஓடிக் கடந்தான்'னு சொல்றோம். கடந்ததுதான் நமக்கு வினை, ஓட்டம் வெறும் எச்சம். இங்கிலீஷ்ல 'ரன்' வினை; கடந்தது 'அக்ராஸ்'ங்கிற வாலுக்குள்ள இருக்கு. ஏறு, இறங்கு, நுழைன்னு நாம சொல்றதையும் அவங்க அப், டவுன், இன்னு வால்ல வெப்பாங்க. உன் 'ஆஃப்' அணைக்கறதில்லை கண்ணு, டூலை விலக்கறது."

உலக மொழிகளையே இப்படி இரு வகையாக லியனார்ட் டால்மி 1991-இல் பிரித்ததைப் பிற்பாடுதான் படித்தேன். அன்றைக்குப் பெட்டியைப் பிரித்ததோடு சரி.