பழைய கணினி: திருத்துவதா, மாற்றுவதா?

ஓலைக் கூரை ஒழுகினால் ஓலையை மாற்றி வேய்கின்றோம், வீட்டை இடிப்பதில்லை. சுவரே உப்புப் பூத்து உதிருமாயின், புதுக்கூரை வேய்வது வீண். மேசைக் கணினிக்கும் இதுவே நியாயம்.

மன்னார்த் தீவிலுள்ள எமது பாடசாலையில் பழுதான கணினிகள் இரண்டு. கையிலிருந்த பணமோ ஒரு புதிய கணினிக்குச் சற்றே மேல். இரண்டையும் கழித்துவிடவே முதலில் எண்ணினேன். பின்னர் திறந்து பார்த்தோம்.

முதலாவதில் தாய்ப்பலகை நன்றாக இருந்தது. தாமதத்திற்குக் காரணம் சுழலும் பழைய வன்தட்டே. கோப்புகளைப் பிரதிசெய்தபின், சுழலும் உறுப்பற்ற எஸ்.எஸ்.டி. தட்டைப் பொருத்தி, நினைவகத்தை 8 ஜிகாபைட்டாக உயர்த்தினோம். விண்டோஸ் 10இற்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவுற்றது. விண்டோஸ் 11 வேண்டும் டி.பி.எம். 2.0 பாதுகாப்பு வசதி இதில் இல்லை. ஆகவே, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை நிறுவினோம். உயர்தர மாணவர் பயிலும் பைதன் மொழி அதில் தடையின்றி இயங்குகின்றது.

இரண்டாவதில் கடற்காற்று தாய்ப்பலகையையே அரித்திருந்தது. அதற்கு ஒரு சதமும் செலவிடாது, எஞ்சிய பணத்துடன் பெற்றோர் உதவியையும் சேர்த்துப் புதியது வாங்கினோம்.

ஆகவே அன்பர்களே, வயதைக் கேளாதீர்கள். பழுது எங்கே என்று கேளுங்கள்.