கரையில் நின்றா வணங்குகிறோம்?

(தஞ்சை மாவட்டத்தில் வணிகர்களுக்கும் இளைஞர்களுக்கும் நடைபெற்ற தர்பியா முகாமில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. ஒரே இரவில் நம் டெல்டாவில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. சில நாட்கள் கழித்துப் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்திற்கு நிவாரணப் பொருட்களோடு போயிருந்தோம். அங்கே ஒரு சகோதரர் என் கையைப் பிடித்துத் தன் தோப்புக்கு அழைத்துப் போனார். விழுந்த மரங்களின் மேல் ஏறித்தான் உள்ளே போக முடிந்தது. அங்கே நின்று அவர் கேட்டார்:

"ஹஜ்ரத், ஐந்து வேளையும் தொழுகிறேன். ஒரு வருடம்கூட ஜகாத்தை நிறுத்தியதில்லை. வட்டி வாங்கியதும் இல்லை, கொடுத்ததும் இல்லை. ஜகாத் கொடுத்தால் பொருள் குறையாது என்று ஜும்ஆவில் நீங்கள்தானே சொன்னீர்கள்? எனக்கு ஏன் இப்படி?"

எனக்குப் பதில் வரவில்லை. சொன்னவன் நான்தான். தர்மத்தால் செல்வம் குறையாது என்ற நபி (ஸல்) அவர்களின் வாக்கு சத்தியம். ஆனால் கேட்பவர் மனம் குளிர வேண்டும் என்பதற்காக அந்த வாக்கின் பொருளைக் கல்லாப்பெட்டிக்குள் சுருக்கிச் சொன்னது என் தவறு. 'தொழு, வியாபாரம் பெருகும்; நோன்பு வை, நோய் வராது' என்று பேசிப் பேசியே இந்தச் சமுதாயத்திற்குப் பாதி மார்க்கத்தைக் கற்றுக் கொடுத்துவிட்டோம்.

அல்லாஹ் என்ன சொன்னான்?

அச்சம், பசி, பொருளிழப்பு, உயிரிழப்பு, விளைச்சலில் நஷ்டம் ஆகியவற்றால் சோதிப்பேன் என்று அல்லாஹ் முன்கூட்டியே அறிவித்துவிட்டான் (2:155). யாருக்கு? பாவிகளுக்கா? இல்லை, ஈமான் கொண்டவர்களுக்கு! விளைச்சலையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறானே, நெல் விளையும் இந்த மண்ணில் பிறந்த நமக்கு அது புரியாதா?

2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்கப்படவில்லை. தொழுகையாளியின் வயலுக்கு மட்டும் தனி வாய்க்காலில் தண்ணீர் வந்ததா? 2004 டிசம்பர் 26-ல் நாகைக் கடற்கரையில் எழுந்த அலை, வணங்குபவன் வீடு எது, வணங்காதவன் வீடு எது என்று விசாரித்துவிட்டா வந்தது?

கரையில் நிற்பவன்

ஓரத்தில் நின்றுகொண்டு அல்லாஹ்வை வணங்கும் ஒரு மனிதனைக் குர்ஆன் நமக்கு அடையாளம் காட்டுகிறது (22:11). நன்மை வந்தால் நிம்மதியாக இருப்பான். சோதனை வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். காவிரிக் கரையில் வளர்ந்தவர்கள் நாம். ஆற்றில் இறங்காமல் கரையிலேயே நின்று, நீர் தெளிவாக ஓடினால் கால் நனைத்துவிட்டு, வெள்ளம் வந்ததும் ஓடுபவனை நமக்குத் தெரியும். அவனுக்கு இரு உலகக் கணக்கிலும் நஷ்டம்தான் என்பது இறைவனின் தீர்ப்பு.

வணிகச் சகோதரர்களே! லாபம் வரும்வரை கூட்டாளியாக இருந்துவிட்டு, முதல் நஷ்டத்திலேயே கணக்கை முடிக்கச் சொல்பவனோடு நீங்கள் மறுபடியும் கூட்டு வைப்பீர்களா? அப்படிப்பட்ட கூட்டாளியாகவா நாம் அல்லாஹ்விடம் நடந்துகொள்வது?

கதீஜா நாயகியின் முதலீடு

மக்காவின் பெரும் வணிகர் கதீஜா (ரலி) அவர்கள். அவரது சரக்கு ஷாம் வரை போனது. ஈமான் கொண்ட பிறகு அவருக்குக் கிடைத்தது என்ன? குறைஷிகள் வணிகத் தடை விதித்தார்கள். விற்பதும் கூடாது, வாங்குவதும் கூடாது, பெண் கொடுப்பதும் எடுப்பதும் கூடாது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கணவாயில் அடைபட்டு இலை தழைகளைத் தின்றார்கள். பசியால் அழும் குழந்தைகளின் குரல் வெளியே கேட்டது. தடை நீங்கிச் சில காலத்திலேயே கதீஜா (ரலி) வஃபாத்தானார்கள். பழைய செல்வம் திரும்பி வரவில்லை. 'உங்களால்தான் எனக்கு இந்தக் கதி' என்று கணவரிடம் ஒரு வார்த்தை சொன்னார்கள் என்று எங்காவது படித்திருக்கிறீர்களா? கீழ்ப்படிதலுக்கு இவ்வுலகில் விலை கேட்கக்கூடிய தகுதி ஒருவருக்கு இருந்தது என்றால், அது அவருக்குத்தான் இருந்தது. அவரோ கேட்கவில்லை.

பொறுமை என்பது சும்மா இருப்பதா?

இல்லை. தோப்பு போனால் நிவாரணம் கேட்பது நம் உரிமை. காவிரி நீருக்குக் குரல் கொடுப்பதும் உரிமை. வாயை மூடிக்கொண்டிருப்பதற்குப் பொறுமை என்று பெயர் வைக்காதீர்கள். அநியாயத்தைத் தட்டிக் கேள், அல்லாஹ்வைக் கைவிடாதே. இதுதான் ஸப்ரு.

இளைஞர்களே! அன்று அந்தச் சகோதரருக்குத் தேவைப்பட்டது என் பயான் அல்ல. மரத்தை அறுத்து அப்புறப்படுத்த ஆளும், கன்று வாங்கப் பணமும்தான் தேவைப்பட்டன. நெட்டை ரகத் தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதுவரை அடுப்பு எரிய வேண்டாமா? வட்டி ஹராம் என்று நாம் மிம்பரில் முழங்குகிறோம். வட்டியில்லாக் கடன் கொடுக்க ஊரில் ஒரு பைத்துல்மால் இல்லையென்றால், அவர் வட்டிக்கடை வாசலில் நிற்கும்போது அந்தக் குற்றத்தில் நமக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியுமா?

அந்தச் சகோதரரை அண்மையில் சந்தித்தேன். கடன் இன்னும் தீரவில்லை. பகலில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஃபஜ்ரில் முதல் ஸஃப்பில் நிற்கிறார். "ஏன் என்று கேட்பதை விட்டுவிட்டீர்களா?" என்றேன். "சில இரவுகளில் இன்னும் கேட்கிறேன் ஹஜ்ரத். ஆனால் அவனிடம்தான் கேட்கிறேன். வேறு யாரிடம் போவேன்?" என்றார்.

அந்தத் தோப்பில் எனக்கு வராத பதில் இதுதான். அதை அவர்தான் எனக்குக் கற்றுக் கொடுத்தார். கரையை விட்டு இறங்கி நின்று தன்னை வணங்கும் உறுதியை நம் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.