தொழில் தொடங்கிய பின்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியிலே முரசுமோட்டை என்னும் நெல்வயற் கிராமம் உள்ளது. அங்கே புதுத்தொழில் தொடங்க எண்ணும் இளைஞர் உதாரணந் தேடி ஜப்பானுக்குப் போகவேண்டியதில்லை. அயலில், 1950களில், பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை எழுந்தது. 1980களில் போர்ச்சூழலால் நின்றுபோயிற்று. உப்புக்கு ஆனையிறவு பக்கத்திலேயே இருந்தது. மூலப்பொருள் கிட்டிவிட்டால் தொழில் தானே நடக்கும் என்று பலர் எண்ணுவர். அவ்வாறன்று. உப்புக்கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் எரிசோடாவும் குளோரீனும் ஒருங்கே பிறக்கும். 100 கிலோ எரிசோடாவுக்கு ஏறக்குறைய 89 கிலோ குளோரீன். இவ்விகிதத்தை எந்த முகாமையாளராலும் மாற்ற இயலாது. எரிசோடாவைச் சவர்க்காரம் செய்வோர் வாங்குவர். குளோரீனோ நச்சுவாயு, நெல்லைப்போல் மூட்டைகட்டி அடுக்கிவைக்க முடியாது. நீரைச் சுத்திகரிப்போர் முதலியோர் அதனை வாங்காவிடின், எரிசோடாவுக்கு எத்துணை கிராக்கி இருப்பினும் உற்பத்தியைக் குறைத்தே ஆகவேண்டும்.

முரசுமோட்டையில் அரிசி ஆலை வைப்பவருக்கும் ஏறத்தாழ இதே கணக்குத்தான். 100 கிலோ நெல்லிலே சுமார் 20 கிலோ உமி. அரிசி விற்றுப் பணம் கைக்கு வருமுன் உமி முற்றத்தை நிறைத்துவிடும். அதனை நெல் அவிக்கும் அடுப்புக்கோ செங்கற்சூளைக்கோ அனுப்பும் ஏற்பாடு, இயந்திரம் வந்திறங்கும் முன்னரே முடிந்திருக்கவேண்டும். பலரோ இயந்திரத்தின் விலையை மாத்திரம் விசாரித்துவிட்டு வருகின்றனர்.