கட்டடக் கடலில் காட்டுத் தீவுகள்

சூழலியல் ஆராய்ச்சி என்றால் ஆனைமலைக்கோ அந்தமானுக்கோ போக வேண்டும் என்று நம் மாணவர்கள் நினைக்கிறார்கள். சென்னையை ஒட்டிய தாம்பரமே போதும். ஏன் என்பதைத் தீவுகளிலிருந்து தொடங்கலாம். தீவு சிறிதாகவும் பெருநிலத்துக்குத் தொலைவாகவும் இருந்தால் அதில் உயிரின வகைகள் குறையும் என்று சூழலியலாளர்கள் மெக்ஆர்தரும் வில்சனும் 1967-இல் எழுதினார்கள். கடல் இருந்த இடத்தில் கட்டடங்களை வைத்துப் பாருங்கள்: நன்மங்கலம் காப்புக்காடு, வண்டலூர்க் காடு, கிண்டி, தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகம் எல்லாமே வெவ்வேறு அளவுள்ள தீவுகள்தாம். கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்கு வந்தபோது அந்த வளாகத்தின் தாவரங்களைத் தேடித்தேடிப் பதிந்தவர் எட்வர்ட் பார்ன்ஸ். அவர் வேதியியல் பேராசிரியர்!

சீமைக்கருவேலமும் குப்பைமேடும் சூழ்ந்த இடத்தில் என்ன ஆராய்ச்சி என்று கேட்கலாம். நகரம் நெருக்கும்போது எது தங்கும், எது வெளியேறும் என்பதுதானே கேள்வி? அதற்குத் தொடாத காட்டில் விடை கிடைக்காது. பெருங்குடிக் குப்பைக்கிடங்கை ஒட்டிய பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கே 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்னும் ராம்சர் தகுதி கிடைத்தது. உள்ளூரில் களத்தில் பழகுவது பட்டமாகுமா என்பது நியாயமான கவலை. ஆகாது, பட்டத்துக்கு மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் முதுநிலைப் படிப்பு இருக்கிறது, ஆய்வுக்குக் கோவையில் சாலிம் அலி பறவையியல், இயற்கை வரலாற்று மையம் இருக்கிறது. ஆனால் கள அனுபவத்தோடு விண்ணப்பிப்பவருக்கு மதிப்பு தனி. ஆண்டுதோறும் ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. வரும் பொங்கலுக்கு உங்கள் வீட்டு மாணவரை ஒரு குறிப்பேட்டோடு அருகிலுள்ள ஏரிக்கரைக்கு அனுப்புங்கள்.