திறக்கிறதும் தெருவில் வைக்கிறதும்



எனக்கு முன்னால் பேசிய சகோதரர் ஆங்கிலத்தில் வெளுத்துக் கட்டினார். ரிவீல், டிஸ்க்ளோஸ், எக்ஸ்போஸ் மூணுக்கும் ஒரே அர்த்தம், மறைந்ததை வெளிப்படுத்துவதுதான்னார். ஐயா, வேட்டி, துண்டு, கோவணம் மூணும் துணிதான். அதுக்காக மாத்தி மாத்திக் கட்டிக்கிட்டு வர முடியுமா? (சிரிப்பு)

ரிவீல் என்பது லத்தீன் மொழியில் திரையை விலக்குவது. டிஸ்க்ளோஸ், மூடியதைத் திறப்பது. வீட்டுக்காரன் தன் வீட்டைத் தானே திறக்கிற மாதிரி. எக்ஸ்போஸ் இருக்கே, அது வெளியே கொண்டுபோய் வைக்கிறது! பிறந்த குழந்தையை வெட்டவெளியில் போட்டுட்டு வருவதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான் இருந்தது.

சீட்டுக் கம்பெனிக்காரன் ஊர்ப் பணத்தைச் சுருட்டினால் எக்ஸ்போஸ் பண்ணுங்க. நானே வந்து மைக் பிடிக்கிறேன். ஆனால் ஒருத்தர் உடம்புக்கு வந்த நோயை?

1986. சென்னை டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் ரத்த மாதிரிகளைச் சோதித்து, இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று முதன்முதலில் கண்டுபிடித்தார்கள். நோய் வந்திருப்பதை நாட்டுக்குச் சொன்னார்கள். சொல்லத்தான் வேணும். அந்த ரத்தம் யாருடையது? இன்னைக்கு வரைக்கும் உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. தெரிஞ்சுக்க வேண்டிய அவசியமும் இல்லை. (கைதட்டல்) 2017ல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்து, 2018ல் அமலுக்கும் வந்தது. நோயாளியின் சம்மதம் இல்லாமல் அவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை டிஸ்க்ளோஸ் பண்ணக் கூடாதுன்னு பொதுவிதி வச்சிருக்கு.

எங்க வீட்டுக் கதைக்கு வர்றேன். எங்க அக்காவுக்கு டி.பி. வந்தது. சாதாரண டி.பி., ஆறு மாசம் ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டால் குணமாகிற நோய். ஆஸ்பத்திரி வராண்டாவில் ஒருத்தர் சீட்டைக் கையில் வச்சுக்கிட்டு, "யாரும்மா இங்கே டி.பி. கேஸ்?"னு சத்தம் போட்டார். அக்கா எழுந்து நின்னா. பக்கத்து பெஞ்சில் எங்க தெருக்காரம்மா!

மறுநாள் தண்ணி பிடிக்கப் போனால் அக்கா குடத்துக்குப் பக்கத்தில் யாரும் குடம் வைக்கலை. நிச்சயம் பண்ணியிருந்த கல்யாணம் நின்னு போச்சு. நோய் ஆறு மாசத்தில் போயிடுச்சு நடுவர் அவர்களே, பேர் போகறதுக்கு நாலு வருஷம் ஆச்சு.

எதிரணி கேட்பாங்க, மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்ல வேண்டாமான்னு. சொல்லணும். அக்காவே சொல்றதாத்தான் இருந்தா, அந்த வெள்ளிக்கிழமை. ஊர் வியாழக்கிழமையே சொல்லிடுச்சு.

மணி அடிச்சுட்டீங்க, முடிச்சுக்கறேன். இந்தக் கதையை மேடையில் சொல்லலாமான்னு அக்காகிட்ட கேட்டேன். ரெண்டு நாள் யோசிச்சு, "சொல்லு"ன்னா. அவளும் இங்கேதான் உட்கார்ந்திருக்கா. எந்த வரிசைன்னு மட்டும் கேட்காதீங்க. (பலத்த கைதட்டல்)