பிலமும் புனைவும்

கூனங்குப்பத்திலிருந்தும் கோரைக்குப்பத்திலிருந்தும் வலையை வைத்துவிட்டு வந்திருக்கும் மீனவ நண்பர்களே!

பழவேற்காட்டு ஏரிக்கரையில் வந்து குகையைப் பற்றிப் பேசலாமா? பேசலாம். சீதையைத் தேடிப்போன வானரர்கள் தாகத்தில் தவிக்கிறார்கள். அப்போது ஒரு பிலத்தின், அதாவது நிலத்தடிக் குகையின், வாயிலிருந்து நீர்ப்பறவைகள் நனைந்த சிறகோடு வெளியே வருகின்றன. உள்ளே தண்ணீர் உண்டு என்று அனுமன் கணிக்கிறான். இது வால்மீகி. பறவை விழுவதைப் பார்த்து மீன் இருக்கும் இடம் சொல்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பொன்மரங்களும், உள்ளே தவமிருக்கும் சுயம்பிரபையும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. முதலில் ஈரச் சிறகு, பிறகு மாயம். நான் சொல்ல வந்தது இந்த வரிசையைத்தான்.

கம்பர் இதற்கென்றே 'பிலம் புக்கு நீங்கு படலம்' பாடினார். வால்மீகியில் சுயம்பிரபை எல்லோரையும் கண்ணை மூடச்சொல்லி வெளியே கொண்டுவந்து விடுகிறாள். கம்பனின் அனுமனோ பேருருவெடுத்துப் பிலத்தையே பிளந்துவிடுகிறான். உள்ளே போவதற்கு வால்மீகி, வெளியே வருவதற்குக் கம்பன் என்பது என் கட்சி.

அந்தப் பிலம் எந்த ஊரில் இருக்கிறது என்று தேடுவது வீண்வேலை. ஆனால் பிலம் எப்படி இருக்கும் என்று அறிய விரும்புகிறவர் ஆந்திரத்தின் நந்தியால் மாவட்டத்துக்குப் போய் பேலம் குகையைப் பார்க்க வேண்டும். நீளம் 3,229 மீட்டர். ராபர்ட் புரூஸ் பூட் 1884இல் அதைப் பதிவு செய்தார். 1982-83இல் ஜெர்மானியக் குழு ஒன்று உள்ளே புகுந்து ஆராய்ந்தது. இப்படிப்பட்ட குகை உருவாகும் விதம் இது: மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று லேசாகப் புளிக்கிறது. அந்தப் புளிப்பு சுண்ணாம்புக்கல்லின் விரிசலில் இறங்கிக் கல்லைக் கரைக்கிறது. பல லட்சம் ஆண்டுகளில் விரிசல் வழியாகிறது, வழி மண்டபமாகிறது. ஆழத்தில் பாதாளகங்கை என்றொரு ஓடை ஓடி, கண்ணெதிரே பாறைக்குள் மறைகிறது. வால்மீகியின் பறவைகளை நான் நம்புவது இதனால்தான்.

முதலில் குகை, பிறகு மாயம் என்ற இதே வரிசை வேறிடத்திலும் உண்டு. இங்கிலாந்தின் புனைவெழுத்தாளர் டோல்கின் 1916இல் தேனிலவின்போது செடார் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குகைகளைப் பார்த்தார். 1940இல் மறுபடி போனார். தம் கதையில் வரும் அக்லரோண்ட் குகைகளுக்கு அவையே மூலம் என்று பின்னாளில் கடிதத்திலும் எழுதினார். அக்குகைகளின் அழகை அவர் கதையில் வியந்து பேசுகிறவன் கல்வேலை தெரிந்த ஒரு குள்ளன். தொழில் தெரிந்தவன் கண்ணுக்குத்தான் அந்த இடம் திறக்கிறது.

உங்களுக்கும் சுண்ணாம்பு அந்நியமல்ல. இந்த ஏரியின் கிளிஞ்சலைச் சுட்டெடுத்த சுண்ணாம்பு பல வீடுகளுக்குப் பூச்சானது. பக்கிங்காம் கால்வாயில் கிளிஞ்சல் படகுகள் சென்னைக்குப் போயின. பேலத்தின் கல் கிளிஞ்சலால் ஆனதல்ல. ஓடுள்ள உயிர்கள் தோன்றுவதற்கு முன்பே படிந்தது. கடலுயிர்களின் மிச்சம் பதிந்த சுண்ணாம்புக்கல்லைப் பார்க்க அரியலூருக்குப் போகலாம்.

குகை இல்லாத ஊரில் மாயக்கதை பிறக்காதா? கோடையில் உப்பேறி, ஐப்பசி மழையில் ஆரணியாறும் காளங்கியும் வந்து சேர உப்புக் குறைகிற ஏரி இது. மணல் மேடிட்டு முகத்துவாரம் அடைபட்டால் கடலும் ஏரியும் பிரிந்துவிடும். இதைவிடப் பெரிய மந்திரக்கதவு எந்தக் கதையில் இருக்கிறது?

இந்தக் குப்பங்களின் பிள்ளைகள் எழுத வேண்டும். எந்தப் பூதத்தை வேண்டுமானாலும் ஏரியில் இறக்குங்கள். முகத்துவாரம் எப்போது அடைபடும், ஏரியில் மீன்பிடிக்கும் 'பாடு' முறை யாருக்கு எந்த நாளில் வரும் என்பதை மட்டும் தப்பாக எழுதிவிடாதீர்கள்.