உட்காருங்கள் என்பதற்கு இரண்டு வடிவம்

(நினைவு அறக்கட்டளைச் சொற்பொழிவு)



யாருடைய நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ, அந்த ஆசிரியருக்கு ஒரு வழக்கம் உண்டு. மாணவர் பிழையாக எழுதினால் உடனே சிவப்பு மையைத் தொட மாட்டார். "இப்படி யார், யாரிடம், எப்போது சொல்வார்கள்?" என்று கேட்பார். அந்தக் கேள்வியை ரஷ்ய மொழியிடம் கேட்டுப் பார்க்கப் போகிறேன். நான் கற்றதும் கற்பித்ததும் அந்த மொழியைத்தான்.

1. நாற்காலி

எங்கள் வகுப்புக்கு ஒருமுறை ரஷ்யப் பேராசிரியை ஒருவர் விருந்தினராக வந்தார். முன்வரிசை மாணவர் எழுந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, 'ஸ்யாத்தெ, பஜாலுஸ்தா' என்றார். மரியாதைப் பன்மை சரி. தயவுசெய்து என்ற சொல்லும் இருந்தது. அம்மையார் உட்கார்ந்துகொண்டே, "நான் என்ன தப்பு செய்தேன்?" என்று சிரித்தார். விருந்தினரிடம் சொல்ல வேண்டியது 'சதீதெஸ்'.

ரஷ்ய வினைகள் பெரும்பாலும் இணையாக வரும். ஒன்று செயலை முடிந்த முழுமையாகக் காட்டும்; மற்றது அதன் ஓட்டத்தைக் காட்டும். 'ஸ்யாத்தெ' விளைவைக் கேட்கிறது: நீங்கள் உட்கார்ந்தாக வேண்டும். கூச்சல் போடும் வகுப்பை அடக்கும் ஆசிரியரின் வாயில் அது பொருந்தும். 'சதீதெஸ்' விளைவைப் பற்றி மூச்சே விடாது. நாற்காலி உங்களுக்காகத்தான் கிடக்கிறது, உட்காரலாமே என்று வழிவிட்டு நிற்கும். இலக்கண நூல் இரண்டையும் ஏவல் என்றே பெயரிடும். வாசலில் நிற்கும் விருந்தாளிக்கோ வேறுபாடு காதில் விழுந்த கணமே தெரிந்துவிடும்.

2. வராத அப்பா

அப்பா கச்சேரிக்கு வரவில்லை என்று சொல்ல வேண்டும். ரஷ்யர் அப்பாவை எழுவாயாக்கி 'அத்யெத்ஸ்' எனலாம். ஆறாம் வேற்றுமையில் வைத்து 'அத்சா' எனவும் சொல்லலாம். எதிர்மறை வாக்கியத்தில் ஆறாம் வேற்றுமை இப்படி நுழைவது ரஷ்ய மொழியின் பழைய வழக்கம்.

முதல் வாக்கியத்தில் பேச்சு அப்பாவைப் பற்றியது. அன்று மாலை அவர் என்ன செய்தார், எங்கே போகவில்லை என்று அவர் பின்னாலேயே போகிறோம். இரண்டாவதில் நாம் அரங்கத்துக்குள் நிற்கிறோம். வரிசை வரிசையாகப் பார்க்கிறோம். அங்கே அப்பா இல்லை. நடந்தது ஒன்றுதான். பேசுபவர் எங்கே நின்று பார்க்கிறார் என்பதை வேற்றுமை சொல்லிவிடுகிறது.

3. கண்ணும் கொம்பும்

இதுவரை கண்டவை பொருளால் பிரிந்த வடிவங்கள். பேசுபவர் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று காட்டும் வடிவங்களும் உண்டு. ஒப்பந்தங்கள் என்பதற்கு ஏட்டு வடிவம் 'தகவோரி'. அலுவலகத்தில் நாள் முழுக்க ஒப்பந்தம் புரட்டுகிறவர்கள் வாயில் அடிக்கடி 'தகவரா' வரும். படித்தவர் சிலர் முகம் சுளிப்பார்கள். அகராதியோ பேச்சுவழக்கில் ஏற்கலாம் என்று குறிப்பெழுதி நிறுத்திக்கொள்கிறது.

இந்த 'ஆ' விகுதியின் வரலாறு சுவையானது. பழைய ரஷ்ய மொழியில் ஒருமை, பன்மை தவிர இருமை என்றொரு எண்ணும் இருந்தது. இரண்டு கண், இரண்டு கொம்பு, ஆற்றின் இரண்டு கரை என்று இணையாக வரும் பொருள்களுக்கு அது. இருமை வழக்கொழிந்த பிறகும் அதன் விகுதி இந்தச் சொற்களில் ஒட்டிக்கொண்டு பன்மை விகுதியாக நிலைத்தது. அறிஞர் லமனோசவின் 'ரஷ்ய இலக்கணம்' 1757-இல் அச்சானபோது மிகச் சில சொற்களுக்கே அது உரியதாக இருந்தது. பிறகு பரவத் தொடங்கியது. பேராசிரியர்கள் என்பதற்கு 19-ஆம் நூற்றாண்டில் 'ப்ரஃபேஸரி' என்று எழுதினார்கள். இன்று 'ப்ரஃபெஸரா' தவிர வேறெதையும் எழுதுவதில்லை. கண்ணுக்கும் கொம்புக்கும் பிறந்த விகுதி பல்கலைக்கழகம் வரை ஏறிவிட்டது. 'தகவரா'வைப் பார்த்து முகம் சுளிப்பவரும் 'ப்ரஃபெஸரா' என்று கூசாமல் சொல்வார்.

4. டாக்டர் அம்மா

'வ்ராச்' என்றால் மருத்துவர், இலக்கணப்படி ஆண்பால். மருத்துவர் பெண்ணாக இருந்தால் 'வந்தான்' என்ற பாலில் 'ப்ரிஷோல்' என்பதா, 'வந்தாள்' என்ற பாலில் 'ப்ரிஷ்லா' என்பதா? 1960-களில் மிகயீல் பனோவ் தலைமையில் மொழியியலாளர்கள் வினாப்பட்டியல் தயாரித்து ஆயிரக்கணக்கானோரிடம் இத்தகைய கேள்விகளைக் கேட்டார்கள். பாதிக்குச் சற்று மேற்பட்டோர் பெண்பால் வினையைத் தேர்ந்தார்கள்.

இந்தச் சுதந்திரத்துக்கும் எல்லை உண்டு. வினையில் பெண்பால் எளிதாக வருகிறது. 'புதிய மருத்துவர்' என்னும்போது பெயரடையைப் பெண்பாலாக்கினால் அது பேச்சுவழக்கு, ஏட்டில் ஏறாது. 'புதிய மருத்துவரை' என்று வேற்றுமை ஏற்றிவிட்டால், பெண்பால் பெயரடை சொன்னவரும் ஆண்பாலுக்கே திரும்பிவிடுவார். இப்படித் திரும்புங்கள் என்று யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

5. காபிக்கு என்ன பால்?

2009-இல் ரஷ்யக் கல்வி அமைச்சகம் அரசு மொழிக்கு வழிகாட்டியாக நான்கு அகராதி, கையேடுகளை அறிவித்தது. 'கோஃபெ' என்ற சொல் ஆண்பாலிலும் வரலாம், நடுப்பாலிலும் வரலாம் என்பது செய்தியானது, நாடே கொதித்தது. உண்மையில் பேச்சில் நடுப்பால் ஏற்கத்தக்கது என்று அகராதிகள் பல ஆண்டுகளுக்கு முன்பே குறித்திருந்தன. 'எ' என்று முடியும் அஃறிணைச் சொற்கள் பெரும்பாலும் நடுப்பால் என்பதால், மக்கள் நாக்கு காபியையும் அங்கே இழுத்துப்போனது. ஆனால் காபியை ஆண்பாலில் சொல்வது பள்ளியில் ஒழுங்காகப் படித்ததற்கு அடையாளமாகிவிட்டிருந்தது. ஒரு கோப்பைக்கு யார் பால் பார்த்துச் சண்டை போடுவார்கள்? கோபம் அந்த அடையாளம் பறிபோனதற்கு.

அன்பர்களே, ஒரே பொருளுக்கு இரண்டு வடிவம் கிடைத்தால் எது சரி என்று கேட்பதே நமக்குப் பழக்கம். நான் பார்த்தவரை அந்த இரண்டும் சும்மா கிடப்பதில்லை. ஒன்று விருந்தாளியை வரவேற்கிறது, ஒன்று அரங்கத்தில் அப்பாவைத் தேடுகிறது, ஒன்று அலுவலக வாசனையோடு வருகிறது, ஒன்று பள்ளிச் சான்றிதழை நீட்டுகிறது. அகராதி இவற்றைப் பதிந்து வைக்கும். தேர்வு பேசுபவரின் கையில்.

அந்த மாணவர் மறுவாரம் என்னைத் தேடி வந்தார். "ஐயா, 'ஸ்யாத்தெ' தப்பு என்று குறித்துக்கொள்ளட்டுமா?" என்றார். தப்பு என்று எழுத வேண்டாம், யார் யாரிடம் சொல்வார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். சொன்ன பிறகுதான் தோன்றியது, அது என் ஆசிரியரின் வாக்கியம்.